பழைய ரயில் நிலையக் கட்டடத்தை அரசு அலுவலகமாக மாற்றுவது எப்படி: செட்டிநாட்டுப் பகுதிக்கான வழிகாட்டி

திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்கு 1929-லும், புதுக்கோட்டையிலிருந்து காரைக்குடி, சிவகங்கை வழியாக மானாமதுரைக்கு 1930-லும் மீட்டர் கேஜ் பாதை திறக்கப்பட்டது. அதன்பிறகு தனுஷ்கோடி போய் இலங்கைக்குக் கப்பலேறியவர்களும், சென்னை போய் ரங்கூனுக்குக் கப்பலேறியவர்களும் செட்டிநாட்டு ஊர்களிலிருந்து பெட்டி படுக்கையோடு முதலில் வந்து நின்ற இடம் உள்ளூர் ரயில் நிலையம்தான். தண்டவாளங்களுக்கிடையே 1000 மில்லிமீட்டர் இருந்த பாதை பின்னாளில் 1676 மில்லிமீட்டர் அகலப்பாதையானது. அப்போது மாறியது அகலம் மட்டுமல்ல. அகலப்பாதையின் உயர் நடைமேடை தண்டவாள மட்டத்திலிருந்து 760 முதல் 840 மில்லிமீட்டர் உயரத்தில் அமைய வேண்டும். மீட்டர் கேஜ் காலத்துத் தாழ்ந்த நடைமேடைக்கு ஏற்றபடி தரை போட்ட கட்டடம், புது நடைமேடைக்குப் பக்கத்தில் குழிக்குள் நிற்பதுபோல் ஆகிவிடும். இத்தகைய இடங்களில் புதுக் கட்டடம் எழும்பிய பிறகு, பழையது பழுதடைந்த தளவாடங்களைப் போட்டுவைக்கும் அறையாகவோ, பூட்டிய கதவாகவோ மிஞ்சுகிறது.

அப்படி மிஞ்சிய ஒரு கட்டடத்தை அரசு அலுவலகமாக்க நினைக்கும் பொறியாளர், ஊராட்சித் தலைவர், துறை அலுவலர் ஆகியோரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். பொதுப்பணி சார்ந்த வேலைகளில் நெடுநாள் இருந்தவன் என்ற முறையில் ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கட்டடத்தைப் பார்த்து அலுவலகத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டுமே தவிர, அலுவலகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கட்டடத்தை அதற்கேற்ப வெட்டக் கூடாது. கீழே வரும் யோசனைகள் பெரும்பாலும் இந்த ஒன்றிலிருந்து கிளைத்தவை.

எந்த அலுவலகம் பொருந்தும்

சிறிய ரயில் நிலையத்தின் அமைப்பை ஒருமுறை மனத்தில் ஓட்டிப் பாருங்கள். சாலைப்பக்கம் ஒரு முகப்பு, அதையடுத்துச் சீட்டு வாங்கும் கூடம், கூடத்தின் ஒரு சுவரில் கம்பியிட்ட சிறு சாளரம், சாளரத்துக்குப் பின்னால் ஸ்டேஷன் மாஸ்டர் அறை, ஓரங்களில் பயணிகள் தங்கும் அறைகள், பார்சல் அறை, விளக்குகளுக்கு எண்ணெய் ஊற்றி வைத்த சிறு அறை, மறுபக்கம் நடைமேடையை ஒட்டி நீண்ட தாழ்வாரம். இது பலர் வந்து, காத்திருந்து, சாளரத்தில் ஒரு தாளைக் கொடுத்து ஒரு தாளை வாங்கிக்கொண்டு, வந்த வழியே திரும்பாமல் மறுபக்கம் வெளியேறுவதற்காகவே கட்டப்பட்ட கட்டடம். ஆகவே வந்து காத்திருந்து வாங்கிப்போகும் வேலையுள்ள அலுவலகங்கள் இதற்குள் தாமாகவே அமர்ந்துகொள்ளும். இ-சேவை மையம், சார் பதிவாளர் அலுவலகம், கிளை நூலகம், வருவாய் ஆய்வாளர் அலுவலகம் ஆகியவை அவ்வகை. பாதுகாப்புப் பெட்டக அறை வேண்டும் சார்நிலைக் கருவூலமும், பிரிவுக்குப் பிரிவு தனியறை கேட்கும் முழு வட்டாட்சியர் அலுவலகமும் பொருந்தா. அவற்றைக் கொண்டுவந்தால் கூடத்தை நடுவில் சுவர் வைத்து அடைக்க வேண்டியிருக்கும். கூடம் போனால் பிறகு அந்தக் கட்டடத்தில் காப்பாற்றுவதற்கு என்ன இருக்கிறது?

செட்டிநாட்டைப் பொறுத்தவரை சார் பதிவாளர் அலுவலகம்தான் மிகப் பொருத்தம் என்பது என் கருத்து. பங்காளிகளுக்குப் பொதுவான ஒரு பெரிய வீட்டின் மீது பத்திரம் எழுதும் நாளில் விற்பவர், வாங்குபவர், இரண்டு சாட்சிகள் என்று நால்வரோடு நிற்பதில்லை. சென்னையிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் வந்த பங்குதாரர்கள், அவர்களுடைய ஆச்சிமார், உடன்வந்த பிள்ளைகள் என ஒரு சிறு கல்யாணக் கூட்டமே கையெழுத்துக்காகக் காத்திருக்கும். முகூர்த்த நாட்களில் இப்படி மூன்று நான்கு குடும்பங்கள் ஒரே நேரத்தில் வந்துவிடுவதும் உண்டு. வாடகைக் கட்டடங்களின் மாடிப்படிகளில் முதியவர்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு, தரைத்தளத்தில் உயர்ந்த கூரையும் நீண்ட தாழ்வாரமும் உள்ள நிலையக் கட்டடத்தின் அருமை சொல்லாமலே விளங்கும்.

ஆனால் இடத்தின் தூரத்தை மறந்துவிடக் கூடாது. பாதை போட்டவர்கள் ஊருக்கு நடுவில் போடவில்லை. தேவகோட்டைக்குரிய நிலையம் ஊரைவிட்டுத் தொலைவில், தேவகோட்டை ரஸ்தா என்று தனிப்பெயர் பெற்ற இடத்தில் இருப்பதை இப்பகுதியில் அறியாதவர் இல்லை. பேருந்து நிற்காத இடத்தில் அலுவலகம் வைத்தால், சான்றிதழுக்கு ஆகும் செலவைவிட ஆட்டோவுக்கு ஆகும் செலவு அதிகமாகும். ஆகவே கட்டடத்தைப் பார்ப்பதற்கு முன்பே, அங்கு ஒரு நாளில் எத்தனை பேருந்துகள் நிற்கின்றன, கடைசிப் பேருந்து எப்போது என்று எழுதிக்கொள்ளுங்கள். விடை திருப்தியாக இல்லாவிட்டால், பொதுமக்கள் நாள்தோறும் வராத கள அலுவலகம் ஒன்றை அங்கே யோசிப்பது நல்லது.

நிலமும் உரிமையும்

ரயில்வே நிலம் மத்திய அரசின் சொத்து. மாநிலத் துறை ஒன்று அங்கே குடியேற வேண்டுமானால் நிலமும் கட்டடமும் முறைப்படி மாற்றித்தரப்பட வேண்டும், அல்லது நீண்டகாலக் குத்தகைக்குக் கிடைக்க வேண்டும். காரைக்குடி சந்திப்பு தெற்கு ரயில்வேயின் மதுரைக் கோட்டத்தில் இருப்பதால், கடிதப் போக்குவரத்து அங்கிருந்துதான் தொடங்கும். ஆனால் உரிமை மாற்றம் கோட்ட அளவில் முடியும் காரியம் அல்ல, ரயில்வே வாரியம் வரை போகும். வணிகப் பயன்பாட்டுக்காக ரயில்வே நிலங்களைக் கையாளும் ரயில் நில மேம்பாட்டு ஆணையத்திடம் அந்த இடம் ஏற்கெனவே ஒப்படைக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் முதல் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள். ஓராண்டு அலைந்த பிறகு அந்தப் பதில் வருவது வேதனை.

வருவாய்த்துறைப் பக்கம் புல வரைபடம், நில விவரங்களைக் கொண்ட கிராமக் கணக்கான அ-பதிவேடு ஆகியவற்றையும் ரயில்வேயின் நிலத் திட்ட வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்துவைத்து ஒப்பிட வேண்டும். இப்பாதை போடப்பட்டபோது அதன் ஒரு பகுதி புதுக்கோட்டை சமஸ்தானத்துக்குள்ளும் மறுபகுதி அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்துக்குள்ளும் ஓடியது. சமஸ்தானம் 1948-இல்தான் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது. எனவே அரிமளம், திருமயம் பக்கத்து ஆவணங்கள் ஒரு நிர்வாகத்தின் வழக்கப்படியும், காரைக்குடி, கல்லல் பக்கத்து ஆவணங்கள் வேறொரு நிர்வாகத்தின் வழக்கப்படியும் எழுதப்பட்டவை. எல்லைக்கல் எங்கே நிற்கிறது என்பதில் இரு தரப்பு வரைபடங்களும் ஒத்துப்போகாவிட்டால், கூட்டுப் புலத்தணிக்கை ஒன்று நடத்தி இருதரப்பு அளவர்களும் கையொப்பமிட்ட வரைபடத்தைப் பெறும்வரை ஒரு செங்கல்லையும் அசைக்காதீர்கள். நிலையத்துக்கு வரும் சாலை யாருடையது, கிணறு யாருடையது, தண்ணீர்த் தொட்டிக்கு வரும் குழாய் யார் நிலத்தின் வழியாக வருகிறது என்பவையும் அந்த வரைபடத்திலேயே குறிக்கப்பட வேண்டும்.

பாரம்பரியம் சார்ந்த சட்ட நிலையையும் பார்க்க வேண்டும். தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012-இல் இயற்றப்பட்டது. கட்டடம் எந்தப் பட்டியலிலும் இல்லாவிட்டாலும், பட்டியலில் இருப்பதுபோல் நடத்துவதே பாதுகாப்பு. செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. அதனால் நிலையத்துக்குச் சட்டப் பாதுகாப்பு எதுவும் வந்துவிடாது. நிதி கேட்கும் கோப்பில் அந்த ஒரு வரி சேர்வதால் கெடுதலும் இல்லை.

தொடுவதற்கு முன் அளந்துகொள்ளுதல்

ஒரு மழைக்காலம் முழுவதும் கட்டடத்தைச் சும்மா பார்ப்பதற்கு அனுமதி கிடைத்தால் அதைவிடச் சிறந்த ஆய்வு வேறில்லை. இப்பகுதிக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான். எந்த மூலையில் நீர் இறங்குகிறது, எந்தச் சுவரின் அடிப்பகுதி எத்தனை அடி உயரத்துக்கு ஈரம் ஏறுகிறது, மழை நின்ற பிறகு எத்தனை நாளில் காய்கிறது என்பதைச் சுவரிலேயே பென்சிலால் தேதியிட்டுக் குறித்துவைக்க வேண்டும். கோடையில் போய்ப் பார்த்துவிட்டு மதிப்பீடு தயாரிப்பவர்கள் கூரைக்கு ஒதுக்கும் தொகை ஒருபோதும் போதுவதில்லை.

அளவு வரைபடம் எடுக்கும்போது கட்டடத்தோடு பொருட்களையும் பட்டியலிட வேண்டும். மணிக்குப் பதிலாகத் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டு, அட்டைச் சீட்டில் தேதி குத்தும் கருவி, அடுத்த நிலையம்வரை வண்டி போக அனுமதியாகச் சாவித்துண்டு கொடுக்கும் டோக்கன் பெட்டி, எடை மேடை, கைகாட்டியை இழுத்த நெம்புகோல்கள், நீண்ட மர இருக்கைகள் ஆகியவற்றுள் எவை மிச்சமிருக்கின்றனவோ அவை எல்லாம் ரயில்வேயின் உடைமைகளே. எண்ணிட்டுப் படமெடுத்து, எதை ரயில்வே எடுத்துச்செல்கிறது, எதை அங்கேயே இரவலாக வைக்கிறது என்று எழுத்தில் பெறுங்கள். இதைச் செய்யாத இடங்களில் முதலில் மறைவது பித்தளைப் பொருட்கள், அடுத்து தேக்கு இருக்கைகள்.

சுவரைப் பற்றிய ஆய்வுக்கு ஆய்வகம் வரை எப்போதும் போக வேண்டியதில்லை. விரல் முட்டியால் தட்டினால் பூச்சு சுவரைவிட்டு விலகிய இடம் வெற்றுப் பெட்டிபோல ஒலிக்கும். அந்த எல்லைகளைச் சுண்ணக்கட்டியால் வட்டமிடுங்கள். பழைய காரையில் ஒரு கைப்பிடி எடுத்து நீர்த்த அமிலத்தில் போட்டால் சுண்ணாம்பு நுரைத்துக் கரைந்து மணல் மட்டும் அடியில் தங்கும். முன்னும் பின்னும் உலர்த்தி எடைபோட்டால், பழைய கொத்தனார் எந்த விகிதத்தில் கலந்தார் என்பது ஏறக்குறையத் தெரிந்துவிடும். கிளிஞ்சல் துணுக்குகள் கலந்த காரையாக இருந்தால் அவையும் கரைந்துவிடும் என்பதால் அங்கே கணக்கு சற்றுத் தவறும்.

சுவர், கூரை, தரை

இந்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

நான் இளநிலைப் பொறியாளராக இருந்த காலத்தில், ஒரு பழைய பயணியர் விடுதியைப் புதுப்பிக்கும் வேலையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எனக்கு வந்தது. பொரிந்திருந்த சுண்ணாம்புப் பூச்சைச் சுரண்டிவிட்டு, உறுதியாக இருக்கட்டும் என்று சிமென்ட் பூச்சு அடித்து, அதன்மேல் பளபளப்பான பெயிண்டும் பூசினோம். திறப்பு விழாவன்று சுவர் கண்ணாடிபோல் இருந்தது. இரண்டாவது மழைக்காலம் முடிந்ததும் இடுப்புயரத்துக்குக் கீழே பூச்சு உப்பிக்கொண்டு, தொட்டால் தகடு தகடாகக் கழன்று விழுந்தது. கழன்ற தகட்டின் பின்புறம் வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. அதற்குப் பின்னால் இருந்த செங்கல்லில் விரலை வைத்தால் சுட்ட மண் மாவாக உதிர்ந்தது. எண்பது ஆண்டு நின்ற செங்கல்லை இரண்டு ஆண்டில் மாவாக்கியது நாங்கள் அடித்த உறுதியான பூச்சுதான். மண்ணிலிருந்து சுவருக்குள் ஏறும் ஈரம் சுண்ணாம்புப் பூச்சின் வழியாக வெளியேறிக் காய்ந்துகொண்டிருந்தது. சிமென்ட் அந்த வழியை அடைத்ததும், ஈரத்தோடு வந்த உப்பு உள்ளேயே படிகமாகிச் செங்கல்லை உடைத்தது.

ஆகையால் சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சே பூச வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் கறாராக எழுதுங்கள். நன்றாக நீற்றிய சுண்ணாம்பு, சலித்த மணல் அல்லது செங்கல் தூள், கடுக்காயும் வெல்லமும் சில நாட்கள் ஊறப்போட்ட நீர் ஆகியவற்றைச் சேர்த்து அரைத்துப் பூசும் கொத்தனார்கள் இன்றும் இப்பகுதியில் கிடைக்கிறார்கள். பங்களாக்களைச் செப்பனிட்டு ஹோட்டல்களாக்கும் வேலை நடப்பதால் அந்தக் கைகள் மறக்கப்படவில்லை. ஆனால் அவர்களுக்கு அவசரம் ஆகாது. ஒரு பூச்சு காய்ந்து இறுகாமல் அடுத்ததைப் பூசினால் வெடிப்பு விடும். நிதியாண்டு முடிவதற்குள் பணப்பட்டியல் போட வேண்டும் என்று மார்ச் மாதத்தில் நெருக்கினால், அந்த வெடிப்புகள் ஏப்ரல் வெயிலில் தெரிந்துவிடும்.

செட்டிநாட்டுப் பூச்சு என்றதும் முட்டை வெள்ளைக்கருவைப் போட்டுத் தேய்த்த, முகம் பார்க்கும் பளபளப்பை நினைத்துக்கொள்பவர்கள் உண்டு. அது வீட்டின் முகப்புக்கும் பட்டாலைக்கும் உரியது. ரயில் கம்பெனிக்காரன் கட்டிய நிலையத்துக்கு வெறும் சுண்ணாம்பு வெள்ளையே போதுமானதாக இருந்திருக்கும். ஆத்தங்குடி கற்கள் பற்றியும் இதையே சொல்வேன். கண்ணாடிப் பலகையின் மேல் வண்ணம் ஊற்றி, சிமென்டும் மணலும் சேர்த்து, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கும் அந்தக் கற்கள் அழகானவை. மாவட்டத்தின் பெருமை என்று யாராவது ஆர்வமாக முன்மொழியவும் செய்வார்கள். பழைய தரையைச் சுரண்டிப் பார்த்து, அங்கே முதலில் கல் பலகை இருந்ததா, சிமென்ட் தரை இருந்ததா என்று தெரிந்துகொண்டு அதையே திரும்பப் போடுங்கள். நிலையத்துக்கு வீட்டின் வேடம் போட வேண்டிய அவசியம் இல்லை.

கூரை இரண்டு வகையாக இருக்கக்கூடும். சரிந்த கூரையில் சீமை ஓடு இருந்தால், ஓட்டை இறக்கி, உடைந்ததை மாற்றி, கரையான் தின்ற சட்டங்களின் பகுதியை மட்டும் வெட்டிப் புதுத் தேக்கு ஒட்டிப் பொருத்துவதோடு முடிந்துவிடும். மட்டமான கூரை, பொறியாளர்கள் மெட்ராஸ் டெரஸ் என்று சொல்லும் வகையாக இருந்தால் கவனம் கூடுதலாக வேண்டும். தேக்குச் சட்டங்களின் மேல் மெல்லிய செங்கற்களைச் செங்குத்தாக, மூலைவாட்டில் சுண்ணாம்புக் காரையில் அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லிக் கலவையைப் போட்டுக் கட்டையால் அடித்து இறுக்கி, மேலே தட்டோடு பதித்திருப்பார்கள். நீர் இறங்குகிறது என்றால் ஒவ்வொரு முறையும் மேலே இன்னொரு அடுக்கு சிமென்ட் தளம் போடுவது அலுவலக வழக்கம். அப்படி மூன்று தலைமுறைப் பொறியாளர்கள் போட்ட அடுக்குகளைச் சுமந்துகொண்டு சட்டங்கள் வளைந்திருக்கும். முதல் வேலை, பிற்காலத்து அடுக்குகளைப் பொறுமையாகக் கையுளியால் எடுத்துச் சுமையைக் குறைப்பது. உடைக்கும் இயந்திரம் அங்கே ஆகாது, அதிர்வில் கீழ்ச் செங்கற்கள் உதிரும். அடுத்து ஒவ்வொரு சட்டத்தின் முனையும் சுவருக்குள் நுழையும் இடத்தில் கூர்மையான ஊசியால் குத்திப் பார்க்க வேண்டும், ஏனென்றால் மரம் நடுவில் நன்றாக இருந்து முனையில்தான் மக்கியிருக்கும். ஊசி விரற்கடை ஆழத்துக்கு எளிதாக இறங்கினால் அந்த முனைக்குத் தாங்கல் வேண்டும். தாழ்வாரத்தில் பிற்காலத்தில் போட்ட ஆஸ்பெஸ்டாஸ் தகடு இருந்தால், நனைத்து, உடைக்காமல், முகக்கவசத்தோடு இறக்கி, உரிய முறையில் அகற்ற வேண்டும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவும் கூடாது.

பாதை எடுக்கப்பட்டுவிட்ட இடமாக இருந்தால், நடைமேடைக்கு முன்னாலுள்ள பள்ளத்தை வண்டி நிறுத்தமாக்க மண்ணடித்து மூடச் சொல்லும் யோசனை தவறாமல் வரும். அதை ஏற்காதீர்கள். பாதைக்கு அடியில் போட்ட சிறுபாலங்கள் ஒரு கண்மாயிலிருந்து மறு கண்மாய்க்குப் போகும் மழைநீரைக் கடத்துபவை. அவற்றை அடைத்தால் நீர் கட்டடத்தின் அடித்தளத்தைத் தேடிவரும். பள்ளத்தைச் சீராகச் சரித்துப் புல் வளர்த்து, கூரை நீரையும் அதில் இறக்கி, அருகிலுள்ள ஊருணிக்குக் கொண்டுசேர்ப்பது இப்பகுதியின் பழைய அறிவுக்கும் ஒத்தது, செலவும் குறைவு.

உள்ளே யார் எங்கே உட்காருவது

பழைய சீட்டுச் சாளரத்தையே மனுப் பெறும் சாளரமாக வையுங்கள். அதன் உயரமும் சிறுமையும் இன்றைக்குப் போதாது என்பது உண்மைதான். அதை உடைத்து அகலப்படுத்தாமல் முதல் சாளரமாக விட்டுவிட்டு, பக்கத்தில் சுவரைத் தொடாத மர மேசைச் சாளரங்களை இடுவதே முறை. அவற்றில் ஒன்றாவது சக்கர நாற்காலியில் வருபவர் கைவைக்கும்படி ஏறத்தாழ 75 முதல் 80 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கட்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பொதுக் கட்டடங்கள் எல்லோருக்கும் எட்டக்கூடியவையாக இருக்க வேண்டும் என்கிறது. முகப்புப் படிக்குப் பக்கத்தில் 12 அடிக்கு 1 அடி மட்டும் ஏறும் சாய்தளத்தைத் தனியாக அமைக்க வேண்டும். படியை உடைத்து அதன்மேல் சாய்தளம் ஊற்றினால், பின்னாளில் யாரும் அந்தப் படியை மீட்க முடியாது.

மக்கள் சாலைப்பக்கம் நுழைந்து, கூடத்தில் வரிசை எண் பெற்று, தாழ்வாரத்தில் காத்திருந்து, வேலை முடிந்ததும் நடைமேடைப் பக்கமாகவே வெளியேறும்படி அமையுங்கள். பயணிகள் நடந்த திசை அதுதான். வருவோரும் போவோரும் ஒரே கதவில் முட்டிக்கொள்ளாமல் இருக்க, கட்டியவர்களே யோசித்து வைத்த வழி அது. பார்சல் அறைக்கு அகலமான கதவு இருப்பதால் கணினிச் சர்வரும் பேட்டரிகளும் அங்கே போகலாம். தலைமை அலுவலர் ஸ்டேஷன் மாஸ்டர் அறையில் உட்காரட்டும். அந்த அறையிலிருந்து கூடமும் நடைமேடையும் ஒருங்கே தெரியும். திரை போட்டு அதை மறைக்காமல் இருப்பது அலுவலரின் மனத்தைப் பொறுத்தது.

ஆவண அறையைப் பழைய கட்டடத்துக்குள் வைக்காதீர்கள். கோப்புகளை அடுக்கிய அறைக்கு ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 500 கிலோ சுமையைக் கணக்கிட வேண்டும். எடை ஒரு பக்கம் இருக்க, காகிதத்தை மொய்க்கும் கரையானும் தீயும் பழைய தேக்குக் கூரைக்குப் பகைவர்கள். கட்டடத்தின் பின்புறமாகச் சில மீட்டர் விலக்கி, முகப்பிலிருந்து தலை தெரியாத உயரத்தில் கான்கிரீட்டில் ஒரு சிறு ஆவணக் கட்டடம் எழுப்பி, கூரையிட்ட நடைபாதையால் இணையுங்கள். கழிப்பறைகளும் அங்கேயே போகட்டும். அமெரிக்காவில் டகோமா நகரில் 1911-இல் திறந்த யூனியன் ஸ்டேஷனைப் பின்னர் கூட்டாட்சி நீதிமன்றமாக மாற்றியவர்களும் இந்த வழியையே பிடித்தார்கள். குவிமாடக் கூடம் பொதுமக்களுக்கு உரியதாகவே நின்றது. பழைய கட்டடம் தாங்காத தேவைகளுக்குப் புதிய பகுதி ஒன்றைச் சேர்த்துக்கொண்டார்கள். அளவில் அதற்கும் நம் ஊர் நிலையத்துக்கும் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு, ஆனால் வழி ஒன்றே.

மின்கம்பிகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. சென்னைச் சேப்பாக்கம் கலச மஹால் அரசு அலுவலகங்கள் இருந்த கட்டடம். 2012 ஜனவரியில் எரிந்து போய், பின்னர் பொதுப்பணித்துறையால் மீட்கப்பட்டு, இன்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்கு இடமாக இருக்கிறது. பழைய மரக் கூரையின் கீழ் அலுவலகம் நடத்துவோர் அந்தத் தீயை மறக்கக் கூடாது. கம்பிகளைச் சுவரை வெட்டிப் புதைக்காமல், சுவரின் மேலே உலோகக் குழாயில் நேர்கோட்டில் கொண்டுபோங்கள். ஒவ்வொரு அறைக்கும் தனித் துண்டிப்பான், மாலையில் அலுவலகம் பூட்டும்போது விளக்கு, சர்வர் தவிர அனைத்தையும் நிறுத்தும் ஒரே சுவிட்ச், கூரைக்கடியில் புகை உணரி ஆகியவை கட்டாயம். குளிர்சாதனம் சர்வர் அறைக்கு மட்டும் போதும். பதினான்கு அடிக் கூரையும் எதிரெதிர் சாளரங்களும் உள்ள கூடத்தை அடைத்துக் குளிரூட்டுவது மின்சாரத்துக்கும் கேடு, ஈரம் காயாத சுவருக்கும் கேடு.

ரயில் இன்னும் ஓடினால்

செட்டிநாடு, கோட்டையூர், கல்லல் நிலையங்கள் உள்ள பாதையில் வண்டிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. அப்படி உயிருள்ள பாதையை ஒட்டிய கட்டடமானால், பாதைப்பக்கம் உறுதியான வேலி இல்லாமல் பொதுமக்களை உள்ளே விடக் கூடாது. அனுமதியின்றி ரயில்வே எல்லைக்குள் நுழைவது 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவின்படி குற்றம். சான்றிதழ் வாங்க வந்த கிழவியை அந்தப் பிரிவுக்குள் தள்ளும் அமைப்பை நாம் உருவாக்கிவிடக் கூடாது. மின்மயமான பாதையில் தலைக்குமேல் 25,000 வோல்ட் ஓடுகிறது. சாரம் கட்டுவதற்கும், ஏணி தூக்குவதற்கும், கூரைத் தகடு இறக்குவதற்கும் ரயில்வேயின் எழுத்துப்பூர்வ அனுமதியும் அவர்கள் ஆள் உடனிருப்பதும் வேண்டும். வெளியேறும் வழியை அப்போது நடைமேடைப் பக்கமாக வைக்க இயலாது, பக்கவாட்டில் ஒரு கதவைப் பயன்படுத்துங்கள்.

ஒப்பந்தம்

1998-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டப்படி தகுதி நிபந்தனைகளை முன்கூட்டியே அறிவித்து ஒப்பந்தப்புள்ளி கோரலாம். சுண்ணாம்பு வேலையில் முன் அனுபவம் என்பதை அந்த நிபந்தனைகளில் முதலாவதாக வையுங்கள். கடுக்காய் நீரில் அரைத்த காரைக்கும், ஓடு இறக்கி ஏற்றுவதற்கும், சட்ட முனை ஒட்டுவதற்கும் தனித்தனியாக வீத ஆய்வு செய்து, அதாவது பொருளும் கூலியும் கணக்கிட்டு விலை வகுத்து, மதிப்பீட்டில் சேர்க்காவிட்டால், வழக்கமான விலைப்பட்டியலில் இருக்கும் சிமென்ட் பூச்சுதான் கடைசியில் சுவரில் ஏறும். மாதிரிக்காக ஓர் அறையின் ஒரு சுவரை முதலில் பூசி, அதைப் பார்த்து ஒப்புதல் தந்த பிறகே மற்றவற்றைத் தொடங்கச் சொல்லுங்கள்.

குடியேறிய பிறகு

நிலையத்தின் பெயரெழுதிய பலகையைக் கழற்றாதீர்கள். அலுவலகத்தின் பெயரைச் சாலைப்பக்கம் தனிப்பலகையில் எழுதி, சுவரில் ஆணியடிக்காமல் தரையில் கால் நாட்டி நிறுத்துங்கள். கொடிக்கம்பத்துக்கும் அறிவிப்புப் பலகைக்கும் சுவரொட்டிக்கும் இதே விதி. சுவரில் ஆணியடிக்க வேண்டுமென்றால் பொறியாளரின் கையொப்பம் வேண்டும் என்று அலுவலக ஆணையாகவே வெளியிடலாம். சிரிப்பார்கள், ஆனால் காலண்டர் மாட்ட மட்டும் ஆண்டுக்குப் பத்து ஓட்டைகள் விழுவதை அது நிறுத்தும்.

புரட்டாசி முடிவதற்குள் கூரையில் ஏறிச் சருகைப் பெருக்கி, நீர்த்தாரைகளில் வேர்விட்ட அரசங்கன்றுகளை வேரோடு பிடுங்கி, அந்த இடத்தைச் சுண்ணாம்புக் காரையால் அடைக்க வேண்டும். ஐப்பசியில் முதல் பெருமழை பெய்த மறுநாள் காலை, அலுவலகம் திறப்பதற்கு முன், ஓர் ஆள் கைவிளக்கோடு ஒவ்வொரு அறையின் கூரையடியையும் சுவர் மூலையையும் பார்த்து, ஈரம் தெரிந்த இடத்தின் ஓரத்தைப் பென்சிலால் வளைத்துத் தேதி எழுதட்டும். அடுத்த ஐப்பசியில் கறை அந்தக் கோட்டைத் தாண்டியிருந்தால் கொத்தனாரைக் கூப்பிடுங்கள். தாண்டாவிட்டால் சுவரை அப்படியே விட்டுவிடுங்கள்.